21 அடிக்கு மேல் அனுமதி இல்லை: ஒரு மலைச்சாலையின் கதை

அமெரிக்காவில் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் பலருக்கு ஓர் ஆசை உண்டு. பிள்ளைகள் படித்து முடித்துத் தனித்தனியாகப் போய்விட்டார்கள், வீட்டுக் கடனும் அடைந்துவிட்டது, இனி என்ன? வீட்டைப் பூட்டிவிட்டு (சிலர் விற்றே விட்டு!) ஒரு ஆர்.வி. வாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற வேண்டும்.

ஆர்.வி. என்றால் சக்கரம் வைத்த வீடு. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். இதில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. தானே ஓடுகிற மோட்டார் ஹோம் ஒன்று. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற டிரெய்லர் இன்னொன்று. பெரிய மோட்டார் ஹோம் 40 அடி நீளம்கூட இருக்கும். நம்மூர் டவுன் பஸ்ஸை விட நீளம்!

அப்படி 30 அடி வண்டியில் ஒரு தம்பதி மொன்டானா மாநிலத்தில் உள்ள கிளேசியர் தேசியப் பூங்காவுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். மேற்கு வாசல் வழியாக நுழைந்து, மெக்டானல்ட் ஏரிக்கரையில் முகாமிட்டு, இரவு நன்றாகத் தூங்குகிறார்கள். காலையில் காபி குடித்துவிட்டு, அந்தப் பூங்காவின் புகழ்பெற்ற சாலையில் மலை ஏறலாம் என்று வண்டியைக் கிளப்புகிறார்கள். சாலையின் பெயர் 'கோயிங் டு த சன் ரோடு'. சூரியனை நோக்கிப் போகும் சாலை! ஆனால் அவலாஞ்ச் கிரீக் என்ற இடத்தைத் தாண்டி அவர்களால் போக முடியாது. 21 அடி நீளம், 8 அடி அகலம் (பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து). இதற்கு மேல் எந்த அளவு மிஞ்சினாலும் வண்டிக்கு அனுமதி இல்லை. வீட்டைக் கீழே விட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ஏதோ ஓர் அதிகாரி மேசையில் உட்கார்ந்து போட்ட விதி மாதிரித் தோன்றும். உண்மையில் இந்த அளவுகளுக்குப் பின்னால் நூறு வருடத்துக் கதை இருக்கிறது. மலை யாருடையது, அதைப் பார்க்க யாருக்கு வழி விடுவது, எந்த அளவுக்கு வழி விடுவது என்ற கேள்விகளின் கதை அது.

மலையை விற்ற வருடம்

பூங்கா வருவதற்கு முன்பு அந்த மலைகளின் கிழக்குப் பாதி பிளாக்ஃபீட் பழங்குடி மக்களிடம் இருந்தது. அவர்கள் அந்த மலைத்தொடரை உலகத்தின் முதுகெலும்பு என்று அழைத்தார்கள். பெயர் பொருத்தமானதுதான். அங்கே உள்ள ஒரு சிகரத்தில் பெய்யும் மழை மூன்றாகப் பிரிந்து பசிபிக் பெருங்கடலுக்கும், அட்லாண்டிக் பெருங்கடலுக்கும், வடக்கே ஹட்சன் விரிகுடாவுக்கும் போய்ச் சேருகிறது.

பிளாக்ஃபீட் மக்கள் காட்டெருமையை நம்பி வாழ்ந்தவர்கள். 1880களின் தொடக்கத்தில் காட்டெருமை மந்தைகள் அழிந்துபோயின. 1883-84 குளிர்காலத்தில் அரசு அனுப்பிய உணவும் போதாமல் நூற்றுக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். அந்த நிலைமையில்தான் மலையில் தாமிரமும் தங்கமும் இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. 1895-ல் அரசின் பிரதிநிதிகள் மலைப்பகுதியை விலைக்குக் கேட்டு வந்தார்கள். பிளாக்ஃபீட் தரப்பில் முதலில் கேட்டது 30 லட்சம் டாலர். கடைசியில் முடிந்தது 15 லட்சம். அது பொது நிலமாக இருக்கும் வரை அங்கே வேட்டையாடவும், மீன் பிடிக்கவும், மரம் வெட்டவும் தங்களுக்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

தாமிரமும் கிடைக்கவில்லை, தங்கமும் கிடைக்கவில்லை. சில வருடம் தோண்டிப் பார்த்துவிட்டுச் சுரங்கக்காரர்கள் போய்விட்டார்கள். 1910 மே 11 அன்று குடியரசுத் தலைவர் டாஃப்ட் கையெழுத்திட, அந்த இடம் கிளேசியர் தேசியப் பூங்காவானது. பூங்காவாகிவிட்டதால் பழைய உரிமைகள் செல்லாது என்று அரசு சொன்னது. 1935-ல் நீதிமன்றமும் அதையே சொன்னது. நாங்கள் விற்கவில்லை, குத்தகைக்குத்தான் விட்டோம் என்ற பேச்சு பிளாக்ஃபீட் மக்களிடையே இன்னமும் உண்டு. பூங்காவின் கிழக்கு எல்லையை ஒட்டியே அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது. கிழக்கு வாசல் வழியாகப் போகும் எந்த வண்டியும் அவர்கள் நிலத்தைக் கடந்துதான் போகிறது.

ரயில்காரர்களின் பூங்கா

முதல் இருபது வருடம் இந்தப் பூங்கா கிட்டத்தட்ட ஒரு ரயில் கம்பெனியின் கையில் இருந்தது. கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் தலைவர் லூயி ஹில், பூங்காவின் ஓரத்தில் பெரிய மரத்தூண்கள் வைத்த ஹோட்டலைக் கட்டினார். உள்ளே மலையிடுக்குகளில் சுவிட்சர்லாந்து பாணியில் சிறிய விடுதிகளைக் கட்டினார். ஐரோப்பா போகும் பணக்காரர்களைப் பார்த்து, 'முதலில் அமெரிக்காவைப் பார்' என்று விளம்பரம் செய்தார். எந்த மக்களிடம் இருந்து மலை போனதோ, அதே பிளாக்ஃபீட் மக்களை அலங்கார உடையில் ரயில் நிலையத்தில் நிற்க வைத்துப் பயணிகளை வரவேற்கச் செய்தார். இதைவிட வேதனையான வேடிக்கை உண்டா?

அந்தக் காலத்துப் பயணம் எப்படி இருந்தது? ரயிலில் வந்து இறங்க வேண்டும். குதிரையில் ஏறி ஒரு விடுதியில் இருந்து அடுத்த விடுதிக்குப் பல நாள் போக வேண்டும். வழிகாட்டிக்குப் பணம், குதிரைக்குப் பணம், விடுதிக்குப் பணம். அதற்கு வசதி வேண்டும், நிறைய விடுமுறை வேண்டும், உடம்பிலும் தெம்பு வேண்டும். 1911-ல் பூங்காவுக்கு வந்தவர்கள் சுமார் 4,000 பேர்தான். சாதாரண ஆசிரியரோ கடைக்காரரோ மனைவியை அழைத்துக்கொண்டு போகிற இடமாக அது இல்லை.

கார் வைத்திருந்தவர்களுக்கும் வழி இல்லை. மலைத்தொடர் குறுக்கே நின்றது. மேற்கில் இருந்து கிழக்கே போக வேண்டுமானால் காரையே ரயிலில் ஏற்றி அடுத்த பக்கம் கொண்டுபோய் இறக்கினார்கள். பூங்காவின் தெற்கு ஓரமாக மாரியாஸ் கணவாய் வழியே நெடுஞ்சாலை முழுமையாக வந்ததே 1930-ல்தான்.

கார் வரலாமா, கூடாதா?

மற்ற பூங்காக்களில் இதற்குள் பெரிய சண்டை நடந்து முடிந்திருந்தது. யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் முதல் கார் நுழைந்தது 1900-ல். குதிரைகள் மிரளுகின்றன, புழுதி கிளம்புகிறது என்று 1907-ல் கார்களுக்குத் தடை போட்டார்கள். 1913-ல் தடை நீங்கியது. யெல்லோஸ்டோன் பூங்கா 1915 ஆகஸ்டில் கார்களுக்குத் திறந்தது.

இதற்கிடையில் கார் ஏழைகளின் பக்கம் இறங்கி வந்துகொண்டிருந்தது. ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி கார் 1908-ல் 850 டாலருக்கு வந்தது. 1920களின் நடுவில் அதே காரின் மலிவான வகை 300 டாலருக்கும் கீழே கிடைத்தது. மொத்தம் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. அதன் நீளம் சுமார் 11 அடி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1916-ல் தேசியப் பூங்கா சேவை என்ற அரசுத் துறை உருவானது. அதன் முதல் இயக்குநர் ஸ்டீபன் மேதர். வெண்காரம் விற்றுக் கோடீஸ்வரர் ஆனவர், மலை ஏறுவதில் பைத்தியம். அவருடைய கணக்கு எளிமையானது. பூங்காவுக்கு மக்கள் வந்தால்தான் மக்களுக்குப் பூங்கா மேல் அக்கறை வரும். அக்கறை வந்தால்தான் காங்கிரஸ் பணம் ஒதுக்கும். மக்களோ காரில்தான் வருவார்கள். ஆகவே பூங்காவுக்குள் கார் வேண்டும்.

ஆனால் எல்லா இடத்துக்கும் சாலை போட்டால் பூங்காவே மிஞ்சாது. அதனால் ஒரு பூங்காவுக்கு மலையைக் குறுக்கே கடக்கிற ஒரு நல்ல சாலை, மற்ற இடமெல்லாம் காடாகவே இருக்கட்டும் என்ற எண்ணம் வலுத்தது. கிளேசியரில் அந்த ஒரே சாலை எந்த வழியாகப் போக வேண்டும்? அங்கேதான் பிரச்சினை.

பதினைந்து வளைவா, ஒரே வளைவா?

பூங்காத் துறையின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் குட்வின் ஒரு திட்டம் போட்டார். பள்ளத்தாக்கின் கடைசி வரை போய், அங்கிருந்து 15 கொண்டை ஊசி வளைவுகள் போட்டு லோகன் கணவாய்க்கு ஏறுவது. செலவும் குறைவு, பொறியியலாக எந்தத் தவறும் இல்லை.

தாமஸ் வின்ட் என்ற இளைஞர் அப்போது பூங்காத் துறையில் நிலத்தோற்ற வடிவமைப்பாளராக இருந்தார். அவருக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை. சுரங்கம் தோண்டுகிறவர்கள் வந்து மலையைக் கிழித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும் என்பது அவர் வாதம். அவர் வேறு வழி காட்டினார். கார்டன் வால் என்ற செங்குத்துப் பாறைச் சுவரின் இடுப்பில் நீளமாக ஒரு கோடு இழுத்தாற்போல் சாலையைக் குடைந்து கொண்டுபோக வேண்டும். ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவு போதும். ஏற்றமும் 6 சதவீதத்தைத் தாண்டாது. அந்தக் காலத்துக் கார்கள் கியர் மாற்றித் திணறாமல் ஏறக்கூடிய அளவு அது. ஆனால் செலவு அதிகம்.

1924-ல் மேதர் நேரில் வந்து பார்த்தார். முடிவை வின்ட் பக்கம் சாய்த்தார். மறு வருடம் குட்வின் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். ஒரு சாலை எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் போலவே, தூரத்தில் இருந்து பார்க்கும்போது அது மலையில் எப்படித் தெரிகிறது என்பதும் முக்கியம் என்று ஓர் அரசுத் துறை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் நம்ப முடியாத விஷயம்தான்!

அந்த முடிவுதான் பின்னாளில் 21 அடி விதியாக முளைத்தது. மலைக்குக் காயம் குறைய வேண்டும் என்றால் சாலை ஒடுக்கமாக இருக்க வேண்டும். பாறைச் சுவரில் குறைவாகக் குடைய வேண்டும். தலைக்கு மேல் பாறை நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் முடிந்தவரை விட்டுவைக்க வேண்டும்.

கையால் சுமந்த பாறைகள்

வரைபடத்தில் கோடு இழுப்பது சுலபம். பாறைச் சுவரில் அதே கோட்டை அளப்பது வேறு. 1924 செப்டம்பரில் பொதுச் சாலைத் துறையின் ஃபிராங்க் கிட்ரெட்ஜ் என்ற பொறியாளர் 32 பேரோடு அளவெடுக்க வந்தார். பனி விழுவதற்குள் முடிக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்குப் போவதற்கே சில நாள் காலையில் 3,000 அடி ஏற வேண்டியிருந்தது. பிறகு கயிற்றில் தொங்கிக்கொண்டு அளவெடுக்க வேண்டும். வந்தவர்கள் ஓடினார்கள், புது ஆட்கள் வந்தார்கள், அவர்களும் ஓடினார்கள். மூன்றே மாதத்தில் மொத்தக் கூட்டமும் மூன்று தடவை மாறியது என்று கணக்குச் சொல்கிறார்கள்.

கட்டுமானம் அதைவிடக் கடினம். பெரிய வெடி வைத்தால் பள்ளத்தாக்கு முழுவதும் பாறை சரிந்து மரங்கள் நாசமாகும். அதனால் சிறு சிறு வெடியாகத்தான் வைக்க வேண்டும் என்று கட்டுப்பாடு. தடுப்புச் சுவர்களுக்கும் வளைவுப் பாலங்களுக்கும் அங்கேயே கிடைத்த கல்லையே பயன்படுத்தினார்கள். சாலையும் மலையும் ஒரே நிறத்தில் இருக்கும். கிழக்குப் பக்கத்தில் 408 அடி நீளச் சுரங்கப்பாதை ஒன்று உண்டு. அந்த இடத்துக்கு இயந்திரத்தைக் கொண்டுபோக முடியவில்லை. ஆட்கள் வெடிமருந்தை முதுகில் சுமந்து ஏணியில் இறங்கினார்கள். உடைத்த கல்லைக் கையால் அள்ளி வெளியே போட்டார்கள். ஒரு நாள் முழுக்க உழைத்தால் ஐந்தடி சொச்சம்தான் முன்னேற்றம்.

இந்தச் சாலை வேலையில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

1933 ஜூலை 15 அன்று லோகன் கணவாயில், 6,646 அடி உயரத்தில், திறப்பு விழா நடந்தது. 4,000 பேருக்கு மேல் வந்தார்கள். மலையின் இரு பக்கத்துப் பழங்குடித் தலைவர்களும் வந்து, பழைய பகையை மறந்து சமாதானம் செய்துகொள்ளும் சடங்கு ஒன்றும் அங்கே நடந்தது. மேதர் அதைப் பார்க்க இல்லை. 1930-லேயே இறந்துவிட்டார்.

நடக்க முடியாதவர் பார்த்த மலை

மறு வருடம் ஒரு தம்பதி இந்தச் சாலையில் வந்தார்கள். 1934 ஆகஸ்ட் 5. கணவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அமெரிக்கக் குடியரசுத் தலைவர். மனைவி எலினார் ரூஸ்வெல்ட். திறந்த காரில் கணவாயைக் கடந்து, அன்று இரவே பூங்காவில் இருந்து வானொலியில் நாட்டு மக்களிடம் பேசினார் ரூஸ்வெல்ட்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ரூஸ்வெல்ட்டுக்கு 39 வயதில் நோய் வந்து இரண்டு கால்களும் செயல் இழந்துவிட்டன. குதிரையில் பல நாள் போகிற பழைய கிளேசியர் அவருக்கு எட்டாத இடம். சாலை இருந்ததால்தான் அந்தக் கணவாயின் காற்று அவர் முகத்தில் பட்டது.

காட்டுக்குள் சாலையே கூடாது என்று சொல்கிறவர்களின் நியாயம் வலுவானதுதான். ஆனால் முழங்கால் தேய்ந்த பாட்டி, கைக்குழந்தை வைத்திருக்கிற தாய், வருடத்தில் ஒரே வாரம் விடுமுறை கிடைக்கிற தொழிலாளி ஆகியோரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சாலை இல்லாத மலை பலமுள்ளவர்களுக்கும் பணமுள்ளவர்களுக்கும் மட்டுமே சொந்தம்.

சாலை வந்ததும் பழைய உலகம் சரிந்தது. 1920களில் ஆயிரம் குதிரைகள் வரை வைத்திருந்த பூங்காவின் குதிரைக் கம்பெனி 1940களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. ரயில்காரர்கள் கட்டிய மலை விடுதிகளில் பலவும் அதே பத்தாண்டில் இடிக்கப்பட்டன. காரில் வருகிறவர்களுக்கு விடுதி வேண்டாம். கூடாரம் அடிக்க இடமும் தண்ணீர்க் குழாயும் போதும்.

கூடாரம் வீடாக வளர்ந்தது

இனி அந்தச் சக்கர வீட்டின் கதைக்கு வருவோம். 1910-ல் பியர்ஸ் ஆரோ என்ற கார் கம்பெனி, பின் இருக்கை படுக்கையாக மடங்குகிற, கை கழுவும் தொட்டியும் வைத்த ஒரு காரைக் காட்சிக்கு வைத்தது. அது பணக்காரர்களின் பொம்மை. சாதாரண மக்கள் காரின் பக்கவாட்டில் கூடாரத்துணியைக் கட்டிப் படுத்தார்கள். தகர டப்பா உணவைச் சூடாக்கிச் சாப்பிட்டார்கள். 1919-ல் ஃபுளோரிடாவில் இப்படிப்பட்டவர்கள் சேர்ந்து ஒரு சங்கமே வைத்தார்கள். பெயர் என்ன தெரியுமா? 'தகர டப்பாச் சுற்றுலாக்காரர்கள்'!

டெட்ராய்ட்டில் ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியல் அறிஞர் தன் குடும்பத்துக்காக ஒரு டிரெய்லரைச் செய்தார். பார்த்தவர்கள் எல்லாம் எனக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். 1930களின் நடுவில் அவருடைய கம்பெனிதான் நாட்டிலேயே பெரிய டிரெய்லர் தயாரிப்பாளர். 1936-ல் ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியின் பளபளக்கும் அலுமினிய டிரெய்லர் வந்தது. இன்னும் இருபது வருடத்தில் அமெரிக்கர்களில் பாதிப்பேர் சக்கர வீட்டில்தான் வசிப்பார்கள் என்று ரோஜர் பாப்சன் என்ற பொருளாதாரக் கணிப்பாளர் ஆரூடம் சொன்னார். பலிக்கவில்லை.

பூங்காக்களுக்கு இது புதுத் தலைவலி. அதற்கு முன்பே முகாம்களில் ஒரு பிரச்சினை இருந்தது. கார்கள் இஷ்டத்துக்கு மரத்தடியில் நின்றதால் மண் இறுகி, வேர் மூச்சுத்திணறி, பெரிய மரங்கள் பட்டுப்போயின. எமிலியோ மெய்னெக் என்ற தாவர நோய் வல்லுநர் இதை ஆராய்ந்து 1932-ல் ஒரு திட்டம் கொடுத்தார். முகாமுக்குள் ஒருவழி வட்டச் சாலை. அதில் இருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிளை பிரிந்து ஒரு நிறுத்தம். கார் அங்கே மட்டும்தான் நிற்கும், சுற்றிலும் செடிகொடிகள் பத்திரமாக இருக்கும். அமெரிக்க முகாம்கள் இன்றும் இந்த வடிவில்தான் இருக்கின்றன. ஆனால் டிரெய்லரோடு வந்தவர்களுக்கு அந்தக் கிளை போதவில்லை. பின்னோக்கி எடுக்கத் தெரியாதவர்கள் மரத்தில் இடித்தார்கள். முகாம்கள் மெல்ல மெல்ல வண்டிக்குத் தகுந்தபடி நீள ஆரம்பித்தன.

1954-ல் வெளிவந்த 'த லாங், லாங் டிரெய்லர்' என்ற ஹாலிவுட் படத்தின் கதையே இதுதான். நிஜ வாழ்விலும் கணவன் மனைவியான லூசில் பாலும் டெசி ஆர்னாஸும் புதுமணத் தம்பதிகளாக நடித்தார்கள். கணவனைச் சமாதானம் செய்து மனைவி மிக நீளமான டிரெய்லரை வாங்க வைக்கிறாள். படத்தில் வந்த டிரெய்லர் 36 அடி. போகிற இடமெல்லாம் நினைவுக்கு ஒரு கல்லை எடுத்து உள்ளே சேர்த்துக்கொண்டே போகிறாள். மலைப்பாதை வருகிறது. பாரம் அதிகம், பாதை ஒடுக்கம், கீழே அதலபாதாளம். திரையரங்கில் எல்லோரும் சிரித்தார்கள். யோசித்துப் பார்த்தால் அது வெறும் சிரிப்பு இல்லை. வீட்டை விட்டுத் தப்பித்துப் போக ஆசைப்பட்டவர்கள் வீட்டையே இழுத்துக்கொண்டு போகிறார்கள். சிரிப்புக்கும் சண்டைக்கும் அதுதான் காரணம்.

1956-ல் அரசு 'மிஷன் 66' என்ற பத்து வருடத் திட்டத்தைத் தொடங்கியது. பூங்காக்களில் சாலைகளும் முகாம்களும் தகவல் மையங்களும் பெருகின. 1966-ல் வின்னபேகோ கம்பெனி மோட்டார் ஹோம்களைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து மலிவாக விற்க ஆரம்பித்தது. பிறகு வண்டி வளர்ந்துகொண்டே போனது. 11 அடிக் காருக்காக வரைந்த சாலைக்கு 30 அடி வீடு வந்து நின்றது.

மலை வளரவில்லை

மற்ற எத்தனையோ இடங்களில் வண்டி பெரிதானால் சாலையை அகலப்படுத்துவார்கள். கிளேசியரிலும் பாறையைக் குடைந்திருக்கலாம், கல்சுவரை இடித்து கான்கிரீட் போட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 1997-ல் அந்தச் சாலையே தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. சாலையைச் செப்பனிடும்போதும் பழைய கல்சுவரைப் பழைய மாதிரியே கட்டினார்கள். பெரிய வண்டி கீழேயே நிற்கட்டும் என்றார்கள்.

அப்படியானால் அந்த 30 அடித் தம்பதி என்ன செய்வார்கள்? அவர்களுக்கு வழி இருக்கிறது. 1936 முதல் 1939 வரை 33 சிவப்புப் பேருந்துகள் பூங்காவுக்கு வந்தன. மேல்துணியைச் சுருட்டிவிட்டால் தலைக்கு மேல் வானமும் மலையும் தெரியும். ஓட்டுநர்கள் கியரைப் படாத பாடு படுத்தியதால் அவர்களுக்கு 'ஜாம்மர்' என்றே பட்டப்பெயர். 1999-ல் வண்டிகள் பழுதடைந்து நிறுத்தப்பட்டன. ஃபோர்டு கம்பெனி புதுப்பித்துக் கொடுக்க, 2002-ல் மறுபடியும் ஓடின. 2007-ல் பூங்காவே இலவசப் பேருந்துகளையும் விட ஆரம்பித்தது.

இதில் ஒரு வேடிக்கை. மோட்டார் ஹோமில் வருகிறவர் மலைச்சாலையில் ஓட்டினால் அவர் பார்ப்பது சாலையை மட்டும்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பள்ளத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டைக் கீழே விட்டுவிட்டுச் சிவப்புப் பேருந்தில் ஏறினால்தான் இருவரும் சேர்ந்து மலையைப் பார்க்க முடியும்! விதி அவர்களிடம் இருந்து எதையும் பறிக்கவில்லை.

ஆனால் நீளத்தைக் கட்டுப்படுத்தியது போல எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது சுலபமாக இல்லை. 1911-ல் 4,000 பேர் வந்த பூங்காவுக்கு 2017-ல் 33 லட்சம் பேர் வந்தார்கள். கொரோனா காலத்தில் ஆர்.வி. மோகம் இன்னும் கூடியது. 2021 கணக்குப்படி அமெரிக்காவில் ஒரு கோடியே பன்னிரண்டு லட்சம் குடும்பங்களிடம் ஆர்.வி. இருந்தது. அதே 2021 முதல் சில கோடைகளில், முன்பதிவு செய்யாத வண்டிகளை அந்தச் சாலையில் உச்ச நேரத்தில் விடாமல் நிறுத்த வேண்டி வந்தது. எல்லோருக்கும் மலை வேண்டும் என்று மேதர் போட்ட கணக்கு பலித்தது, அளவுக்கு மேலேயே பலித்தது.

இன்னொரு பக்கம், பூங்காவுக்குப் பெயர் தந்த பனியாறுகளே சுருங்கிக்கொண்டிருக்கின்றன. 1966-ல் 35 பனியாறுகள். 2015-ல் 26. இவை 2020-க்குள் மறைந்துவிடும் என்று பூங்காவில் சில பலகைகள் வைத்திருந்தார்கள். 2020 வந்தது, பனியாறுகள் இருந்தன, பலகைகளை மாற்றினார்கள். கெடு தவறிப்போனதே தவிர, சுருங்குவது நிற்கவில்லை. அதற்குக் காரணமான புகையில், மலையைப் பார்க்கப் போகிற வண்டிகளின் புகையும் சேர்த்திதான்.

கடைசியாக

ஒரு மலைக்கு வழி விடுவது என்றால் யாரோ ஒருவர் எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். பிளாக்ஃபீட் மக்கள் மலையையே விட்டார்கள், அதுவும் மனம் ஒப்பி அல்ல, பசியால். மூன்று தொழிலாளர்கள் உயிரை விட்டார்கள். குட்வின் வேலையை விட்டார். அரசு கொஞ்சம் கூடுதல் பணத்தை விட்டது. இத்தனை பேர் விட்டுக்கொடுத்த இடத்தில், சுற்றிப் பார்க்கப் போகிற கணவன் மனைவியிடம் மலை கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு பகல் பொழுது வீட்டை விட்டு இறங்குங்கள் என்பது.

அவலாஞ்ச் கிரீக்கில் 21 அடிக்கு மேல் அனுமதி இல்லை என்று படிக்கிறவர் முதலில் சலித்துக்கொள்ளலாம். பேருந்தில் ஏறி, கார்டன் வாலின் இடுப்பில் சாலை வளைந்து ஏறும்போது, கல்சுவருக்கும் பாறைக்கும் வித்தியாசம் தெரியாமல் இருப்பதைப் பார்ப்பார். அந்த விதி எதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று அப்போது அவருக்கே விளங்கும்.